ஏழாம் பொருத்தம்

பெட்டிப் படத்தில் மேகத்தைக் கிழித்துப் பறக்கிறது.
பெட்டிக்குள்ளோ
இடது பாதிக்கும் வலது பாதிக்கும் ஏழாம் பொருத்தம்.
எழுபத்திரண்டில் ஒரு பங்கு டெல்ஃபீன்,
பர்துபிட்சே பழைய சாமான் சந்தையில் அரை விலை.
விற்றவன் ஏன் சிரித்தான் என்பது
இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தபோது புரிந்தது.
மூக்கில் சேர்ந்தால் வாலில் பிரிகிறது.
வாலை அமுக்கினால் மூக்கு வாய் பிளக்கிறது.

பகலில் எனக்குப் பல் செட் கட்டும் வேலை.
முகம் பாராத வாய்களுக்கு
மெழுகிலும் பிசினிலும் ஈறு செய்கிறேன்.
குபாட் என்ற ஒருவருடைய மேல் செட்
மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருக்கிறது,
டாக்டர் கையெழுத்தில் ஒரே வரியுடன்:
"ஷார்கா, அழுத்துகிறதாம்."
எங்கே என்று எழுதினால் குறைந்தா போவார்?

ஐந்து மணிக்கு மேல்
பட்டறையில் நானும் ஓங்கிலும்.
டெல்ஃபீன் என்றால் ஓங்கில்.
கடலே இல்லாத எங்கள் நாட்டில்
விமானத்துக்கு வைத்த பெயர்.

இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே
கடி பார்க்கும் நீலத்தாளைச் செருகி அழுத்துகிறேன்.
நீலம் பட்ட இடமெல்லாம் மேடு.
சுரண்டு. செருகு. மறுபடி நீலம்.
பதினோராவது தடவை ஒரு பக்கம் உட்கார்ந்தது.
மறுபக்கம் இன்னும்
தபால்தலை நுழையும் சந்து.

புட்டி. ஈர உப்புத்தாள்.
சாம்பல் பூச்சு அடித்த மறுகணம்
மறைத்ததையெல்லாம் ஒப்புவிக்கிறது:
இங்கே ஒரு பள்ளம்,
இங்கே மயிர்க்கோடு,
இங்கே உன் கட்டைவிரல் ரேகை.
மறுபடி புட்டி.

தேய்த்த தேய்ப்பில் தகட்டுக் கோடுகள் போய்விட்டன.
நாடா ஒட்டி, ஊசி முனையால்
ஒவ்வொன்றாய்த் திரும்பக் கீறினேன்.
வயிற்றில் ஒன்று கோணிவிட்டது.
இருக்கட்டும், வயிற்றை யார் பார்க்கிறார்கள்.

மூக்குக்குள் கனம் வைக்க வேண்டும்,
இல்லாவிட்டால் மூன்று சக்கரத்தில் நிற்காது.
வார்ப்பில் மிஞ்சிய கோபால்ட் துணுக்குகள்,
யார் யாருடைய கடைவாய்க்கோ வார்த்து வெட்டியவை,
ஏழு கிராம் திணித்து, ஒட்டி, மூடி,
நிறுத்திப் பார்த்தேன்.
சாவகாசமாக வாலில் உட்கார்ந்தது.

அன்று விளக்கைக்கூட அணைக்காமல் வீட்டுக்குப் போனேன்.

மார்ச் முதல் வாரம் குபாட் நேரிலேயே வந்துவிட்டார்,
செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு.
பல்லில்லாமல் சொன்ன வணக்கத்தில் பாதி காற்று.
மேஜையைப் பார்த்தவர் வந்த காரியத்தை மறந்தார்.
பதினெட்டு வருஷம் இதற்கு
எண்ணெய் போட்ட கையாம்.
மூக்கு மூடியை நகத்தால் தொட்டார்.
"இதை ஏன் இவ்வளவு வழவழப்பாக்கினீர்கள்?
என் வண்டியில் இது ஒருநாளும் ஒழுங்காக மூடியதில்லை.
முழங்காலால் ஓர் இடி, அப்புறம்தான் பூட்டு.
பக்கத்து வண்டி மூடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தோம்.
அது இதற்கு மேல்."
அண்ணாந்து சிரித்தார்.
இடது மேல் ஈறில், கடைசியில்,
சிவந்து ஒரு புள்ளி.

செட்டைப் போடச் சொன்னேன்.
நீலத்தாளை நீட்டினேன்.
கடித்தார்.
அரிசி மணி அளவு நீலம்.
அதைச் சுரண்டி, மெருகேற்றிக் கொடுத்தேன்.
நாக்கால் ஒரு சுற்றுத் துழாவிவிட்டு
"ம்" என்றார்.
அந்த "ம்"முக்கு நாலு மாதம்.

அவர் போனபிறகு
மூக்கு மூடியின் ஓரத்தில் இருந்த புட்டியை
மயிரிழை அளவு கீறி எடுத்தேன்,
ஒரு முழங்காலுக்கு இடம்.
பிறகு மாதிரிக்கு வந்த பெட்டியில் தேடி
ஒரு கடைவாய்ப்பல், லேசான மஞ்சள்,
வாலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன்.

நிற்கிறது.